பிக்கப் வாகனத்தின் வில்லு: முறிந்ததும் திருத்தியதும்

வாகனங்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் என்ஜினின் வரலாற்றைத்தான் எழுதுகிறார்கள். எத்தனை குதிரைவலு, எத்தனை சிலிண்டர், யார் முதலில் செய்தது என்று பக்கம் பக்கமாகப் போகும். வாகனத்தின் அடியில், சேசிசுக்கும் அச்சுக்கும் நடுவில் கிடந்து றோட்டின் எல்லாக் குழிகளுக்கும் அடி வாங்குகிற வில்லுத்தகட்டைப் பற்றி அதில் ஒரு பந்தி இருந்தாலே பெரிய விடயம். இந்தப் பகுதி முழுவதற்கும் சஸ்பென்சன் என்று பெயர். யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு "வில்லு" என்றால் போதும். "வில்லு முறிஞ்சு போச்சு" என்றால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்.

ரொறன்ரோவில் ஒரு கராச்சில் இருபது வருடங்களுக்கு மேலாக வேலை செய்கிறேன். எனது கைக்கு அதிகம் வருவது பிக்கப் வாகனங்கள்தான். தகடு முறிந்தால் அதைத் திருத்தக்கூடியவர் யார் என்பது சாதாரணக் கேள்வி போலத் தெரியலாம். ஆனால் இருநூறு வருடங்களில் அதற்கான பதில் பலமுறை மாறியிருக்கிறது. அந்த மாற்றத்தைத்தான் இங்கே எழுதப் போகிறேன். இடையிடையே கொஞ்சம் மெக்கானிக் பாடமும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மோட்டார் வாகனத்தை விட வில்லு வயதில் மூத்தது. ஐரோப்பாவில் பிரபுக்கள் ஏறிய குதிரை வண்டிகளின் கூடு ஒரு காலத்தில் தோல் வார்களில் தொங்கிக் கொண்டிருந்தது. முன் அச்சையும் பின் அச்சையும் இணைக்க அடியில் ஒரு பாரமான நீள மரம் இருக்கும். 1804இல் லண்டனைச் சேர்ந்த வண்டி செய்யும் தொழிலாளி ஒபடையா எலியட் என்பவர், உருக்குத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நீள்வட்ட வடிவில் வில்லுச் செய்து காப்புரிமை பெற்றார். வண்டிக்கூட்டை அந்த வில்லுகளின் மேலேயே இருத்தியதால், அடியில் இருந்த நீள மரம் தேவையில்லாமல் போனது. வண்டி இலேசானது, குதிரைக்கும் நிம்மதி. அதன்பிறகு நூறு வருடங்களாக ஊருக்கு ஊர் கொல்லர்கள் இந்த வேலையைப் பழகினார்கள். தகட்டை வளைக்க, நுனியைச் சுருட்டிக் கண் எடுக்க, எண்ணெயில் தோய்த்துப் பதம் வைக்க அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இது முக்கியமான விடயம் என்று நினைக்கிறேன். 1908இல் ஹென்றி போர்ட் தனது மொடல் டி வாகனத்தைக் கொண்டுவந்தபோது, அதன் என்ஜின் கிராமத்துக்குப் புதுசு. அதன் வில்லு புதுசல்ல. முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று இரண்டே வில்லுகள், குறுக்காகப் பூட்டப்பட்டிருந்தன. வனேடியம் கலந்த நல்ல உருக்கு. ஆனாலும் பார்த்த உடனேயே கொல்லனுக்குத் தெரியும், இது தன்னுடைய சாமான் என்று. அமெரிக்க விவசாயிகள் அதன் பின்பகுதியைக் கழற்றிவிட்டு மரப்பெட்டி பூட்டிச் சோளமும் பன்றியும் ஏற்றினார்கள். இதைப் பார்த்துக் கொண்டிருந்த போர்ட் கம்பனி, 1925இல் தானே பெட்டி பூட்டி 281 டொலருக்கு விற்கத் தொடங்கியது. தொழிற்சாலையில் இருந்தே பிக்கப்பாக வெளிவந்த போர்ட்டின் முதல் வாகனம் அதுதான்.

இப்போது பாடம். பிக்கப்பின் பின்பக்க வில்லுக் கட்டில் மூன்று முதல் ஆறு, ஏழு தகடுகள் வரை இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே உள்ளது நீளமான தாய்த் தகடு. அதன் இரண்டு நுனிகளிலும் சுருட்டிய கண் உண்டு. முன் கண் சேசிசில் அசையாமல் பூட்டப்பட்டிருக்கும். பின் கண் மட்டும் ஷக்கிள் என்கிற ஆடும் இணைப்பில் தொங்கும். ஏனென்றால் பாரம் ஏறினால் வளைவு நிமிர்ந்து தகடு நீளும். நீளுவதற்கு இடம் கொடுக்காவிட்டால் ஏதாவது ஒன்று முறியும். தகடுகளை ஒன்றாகக் கோர்ப்பது நடு போல்ட். அந்தக் கட்டை அச்சோடு இறுக்கிப் பிடிப்பது யூ போல்ட்.

பலர் நினைப்பதுபோல பாரம் கூடினதால் மட்டும் தகடு முறிவதில்லை. யூ போல்ட் இளகினால், நடு போல்ட் போகிற துளையின் இடத்திலும் தகடு வளையத் தொடங்கும். துளை போட்ட இடம் பலவீனமான இடம், ஆகவே அங்கேதான் வெடிப்பு விழும். நடு போல்ட் அறுந்தால் அச்சு ஒரு பக்கம் பின்னுக்கு நகர்ந்துவிடும். அப்போது வாகனம் நண்டு மாதிரிச் சரிந்து ஓடும். பின்னால் வருகிறவனுக்கு அது தெரியும், ஓட்டுகிறவனுக்குத் தெரியாது. ஆகவே தகடு மாற்றும்போது பழைய யூ போல்ட்டைத் திரும்பப் பூட்டக்கூடாது. ஒருமுறை இறுக்கி இழுபட்டது, இரண்டாம் முறை அதே பிடி பிடிக்காது. "பார்க்க நல்லாத்தானே இருக்கு" என்று காசு மிச்சம் பிடிக்கிற வாடிக்கையாளர்களோடு நான் இன்றைக்கும் வாக்குவாதப்படுவது இதற்காகத்தான்.

பல பிக்கப்களிலும் லொறிகளிலும் இரண்டாவது தகட்டின் நுனி, தாய்த் தகட்டின் கண்ணைச் சுற்றி ஒரு அரைவட்டமாக வளைந்து நிற்கும். இராணுவ வாகனங்களில் அதிகம் பாவித்ததால் "மிலிற்றரி" சுற்று என்பார்கள். கண் முறிந்தாலும் அச்சு கழன்று போகாமல் இரண்டாவது தகடு பிடித்துக்கொள்ளும். எதிரியின் பிரதேசத்தில் நடுவழியில் நிற்கக்கூடாது என்று யோசித்தவன் செய்தது.

இனி எங்கள் ஊர்க்கதை. யாழ்ப்பாணத்தில் சனத்தையும் சாமானையும் ஒன்றாக ஏற்றிய தட்டிவான்களை இளம் வாசகர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். பழைய லொறிச் சேசிசின் மேல் மரத்தால் கூடு அடித்து, பின்பக்கம் தட்டி வைத்த வாகனம். கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் நடுவில் அவை நீண்ட காலம் ஓடின. நாலு மூலையிலும் தகடுதான். அது தவிர ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர். 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனருக்கு முன்பக்கம் தகடு கிடையாது, முறுக்குக் கம்பி. சில்லைப் பிடித்திருக்கும் கீழ் மரையில் ஒழுங்காகக் கிறீஸ் அடிக்காவிட்டால், ஒரு நாள் மரை தேய்ந்து சில்லு உள்ளே மடிந்துவிடும். மொறிஸ் மைனர் ஓடிய நாடுகளில் எல்லாம் இந்தக் கதை உண்டு. அதற்கு 1953இலிருந்து ஒரு குட்டிப் பிக்கப் ரகமும் இருந்தது.

1990 ஜூனில் மீண்டும் யுத்தம் தொடங்கியதும் குடாநாட்டின் மீது அரசாங்கம் பொருளாதாரத் தடையை இறுக்கியது. பெற்றோல், டீசல், பற்றறி, சீமெந்து, இரும்பு என்று தடைப் பட்டியல் நீண்டது. மண்ணெண்ணெயில் வாகனம் ஓடிய காலம் அது. அதைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். ஆனால் மண்ணெண்ணெயில் ஓடிய அந்த வாகனங்களுக்குக் கீழே என்ன நடந்தது என்று எழுதியவர்கள் குறைவு. ஷெல் விழுந்த குழிகளிலும், தார் பார்த்து வருடக்கணக்கான றோட்டுகளிலும் வில்லு தாங்குமா? உதிரிப்பாகம் கொழும்பில் இருந்து வருவது குதிரைக்கொம்பு.

அப்போதுதான் கொல்லன் பட்டறைக்குத் திரும்பவும் மவுசு வந்தது. எங்கள் ஊரில் வயதான கொல்லர் ஒருவர் இருந்தார். அதுவரை மண்வெட்டி, கத்தி, கோடாலி அடித்துக்கொண்டிருந்தவர். அவற்றை அவர் எதில் அடித்தார் தெரியுமா? பழைய லொறி வில்லில்தான். நேபாளத்தில் கூர்க்காக்களின் குக்குரிக் கத்தியையும் லொறி வில்லில் அடிக்கிறார்கள். நல்ல உருக்கு மலிவாகக் கிடைக்கும் இடம் உலகம் முழுவதும் அதுதான். ஆகவே வில்லின் குணம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். கத்திக்குப் போக இருந்த தகடுகளை மறுபடியும் வாகனத்துக்குத் திருப்பினார், அவ்வளவுதான்.

பாடசாலை விட்ட பிறகு நான் அங்கே போய் நிற்பேன். சைக்கிள் சில்லுப் பூட்டிய ஊதியைச் சுற்றுவது எனது வேலை. கைவிட்ட லொறி ஒன்றின் தகட்டைக் கொண்டுவந்து முறிந்த தகட்டின் மேல் வைத்து அளவு எடுப்பார். நுனியைச் சிரட்டைக்கரி உலையில் செந்நிறமாகக் காய்ச்சி, ஒரு இரும்பு உருளையைச் சுற்றிச் சம்மட்டியால் தட்டிக் கண் எடுப்பார். பிறகு மறுபடி காய்ச்சிக் கழிவு என்ஜின் எண்ணெயில் தோய்ப்பார். அப்படியே விட்டால் அது கண்ணாடி மாதிரி, கீழே போட்டாலே உடையும். ஆகவே எண்ணெய் ஒட்டிய தகட்டைத் திரும்ப உலைக்கு மேலே காட்டுவார். எண்ணெய் தானாகப் பற்றி எரிந்து அடங்கும்வரை பொறுமையாகக் காட்டி எடுத்து ஆறவிடுவார். வெப்பமானி இல்லை. எண்ணெய் எரிகிற பதம்தான் அவருடைய வெப்பமானி. ஐரோப்பிய வில்லுப் பட்டறைகளிலும் முன்பு இதே முறை இருந்தது என்று பல வருடங்களுக்குப் பிறகு கனடாவில் ஒரு புத்தகத்தில் படித்தேன். புஷ்ஷுக்குப் பழைய ரயரை வெட்டுவோம்.

ஒருமுறை பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் முறிந்த தகட்டை வெல்டிங் செய்து கொண்டுவந்து பூட்டச் சொன்னார். ஐயா தொடவில்லை. "ஒட்டிறதெண்டா வீட்டு கேற்றை ஒட்டு, வில்லை ஒட்டாதை" என்றார். காரணம் சொல்ல அவருக்குத் தெரியாது. காரணம் இதுதான். வெல்டிங் சூடு ஒரு சிறு இடத்தை மட்டும் காய்ச்சுகிறது. பக்கத்தில் உள்ள குளிர்ந்த உருக்கு அந்தச் சூட்டை வேகமாக உறிஞ்சிவிடுவதால், ஒட்டின் ஓரம் கடினமாகி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடுகிறது. ஒட்டு நிற்கும், ஒட்டுக்குப் பக்கத்தில் முறியும். இன்றைக்கும் கராச்சுக்கு யாராவது வெல்டிங் செய்த தகட்டோடு வந்தால் நானும் தொடுவதில்லை.

இந்த மனிதர்களுடைய அறிவுக்கு எங்கள் சமூகம் கொடுத்த மரியாதை என்னவென்று எல்லோருக்கும் தெரியும். வாகனம் திருத்த வேண்டுமென்றால் "ஐயா", கலியாண வீட்டுப் பந்தியில் வேறு இடம். தடைக்காலத்தில் அவர்கள் இல்லாவிட்டால் அவசர நோயாளியைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாகனம் இருந்திருக்காது. 1995 ஒக்ரோபர் இடம்பெயர்வின்போது தென்மராட்சிக்கும் வன்னிக்கும் சனத்தின் மூட்டை முடிச்சுகளைச் சுமந்த வாகனங்களில் பலவும் இப்படிப் பட்டறையில் திருத்தப்பட்டவைதான். வன்னிச் சனத்துக்கு "பிக்கப்" என்ற சொல்லைக் கேட்டால் வேறு ஞாபகங்களும் வரும். அது வேறு கட்டுரை.

நாங்கள் தகட்டைத் தட்டிக் கொண்டிருந்த காலத்தில் பணக்கார நாடுகள் தகட்டை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தன. ஜெனரல் மோட்டர்ஸ் 1934இலேயே தனது கார்களின் முன்பக்கத்தில் ஒவ்வொரு சில்லும் தனித்தனியாக ஏறி இறங்கும் முறையைக் கொண்டுவந்தது. வேலை செய்கிறவனின் வாகனமான பிக்கப்புக்கு அந்தச் சொகுசு வர மேலும் கால் நூற்றாண்டு எடுத்தது. 1960இல் செவர்லே பிக்கப்பின் முன்பக்கத்துக்கு முறுக்குக் கம்பி வந்தது. மூன்று வருடங்களில் அதை மாற்றிச் சுருள் வில்லு பூட்டினார்கள். 1965இல் போர்ட் தனது பிக்கப்பின் முன்பக்கத்துக்கு இரண்டு தனித்தனி அச்சுத் தண்டுகள் கொண்ட முறையைக் கொண்டுவந்தது. அமெரிக்கர்கள் பிக்கப்பைக் குடும்பக் காராகப் பாவிக்கத் தொடங்கியிருந்தார்கள். முதுகு வலிக்கக்கூடாது.

தப்பென்று சொல்ல வரவில்லை. நானும் அவற்றை ஓட்டுகிறவன்தான். ஆனால் திருத்துகிறவனுடைய பக்கத்தில் இருந்து பாருங்கள். ஒரு தகட்டுக் கட்டும் ஒரு ஷக்கிளும் இருந்த இடத்தில் இப்போது மேல் கை, கீழ் கை, போல் ஜொயின்ற், சுருள் வில்லு, ஷொக் அப்சோபர். சுருள் வில்லை அமுக்கிப் பிடிக்கத் தனிக் கருவி வேண்டும். அது நழுவினால் ஆளைக் கொல்லும். போல் ஜொயின்றைக் கழற்ற அமுக்கி வேண்டும். எல்லாம் முடிந்து சில்லின் கோணத்தைச் சரிபார்க்கக் கணினி வேண்டும். இதில் எந்த ஒரு பாகத்தையும் கொல்லனால் செய்ய முடியாது. பெட்டியில் வருவதை வாங்கிப் பூட்டலாம், அவ்வளவுதான்.

ரொயோட்டா கம்பனி இதில் இரண்டு குதிரையிலும் சவாரி செய்தது. 1968இல் ஹைலக்ஸ் வந்தது. 1979இல் வந்த நாலு சில்லும் இழுக்கிற ஹைலக்ஸ், முன்னுக்கும் பின்னுக்கும் தகடும் முழு அச்சும் கொண்டது. 1980களின் நடுப்பகுதியில் அமெரிக்கச் சந்தைக்கு முன்பக்கத் தகட்டை எடுத்துவிட்டு முறுக்குக் கம்பி பூட்டினார்கள். ஆனால் ஆபிரிக்கா, அவுஸ்திரேலியா போன்ற இடங்களுக்கு பழைய தகட்டு ரகத்தையும் 1997 வரை செய்துகொண்டே இருந்தார்கள். கல்லும் மணலும் உள்ள இடத்தில் எதை வாங்குவார்கள் என்று கம்பனிக்குத் தெரியும்.

அந்த வாகனம் ஒரு யுத்தத்துக்கே பெயர் கொடுத்தது. 1987இல் சாட் நாட்டின் வடக்கில் லிபிய இராணுவம் தாங்கிகளோடும் விமானங்களோடும் உட்கார்ந்திருந்தது. சாட் இராணுவத்திடம் இருந்தவை பிரான்ஸ் கொடுத்த சுமார் 400 ரொயோட்டா பிக்கப்களும் மிலான் ஏவுகணைகளும். ஜனவரி 2ஆம் திகதி ஃபாடா விழுந்தது. மார்ச்சில் வாடி தூம் விமானத்தளம் விழுந்தது. செப்டெம்பரில் லிபியாவின் எல்லைக்குள்ளேயே புகுந்து மாத்தன் அல் சாரா தளத்தை அடித்து நொறுக்கினார்கள். ஏவுகணையின் பங்கு பெரியது, பிரெஞ்சு விமானப்படை பின்னால் நின்றதும் உண்மை. ஆனால் தாங்கி பழுதானால் தொழிற்சாலையும் நிபுணரும் வேண்டும். பிக்கப்பின் தகடு முறிந்தால், பழுதான இன்னொரு பிக்கப்பில் இருந்து கழற்றிப் பூட்டலாம். கழற்ற ஒரு ஜக், இரண்டு சாவி, ஒரு சுத்தியல் போதும். ஆயுதம் விற்கிறவர்களின் கணக்கில் இந்தச் சுத்தியலுக்கு விலை போடப்படுவதில்லை.

சரி, கனடாவுக்கு வருவோம். இங்கே குழி குறைவு. ஆனால் மணலை விட, ஷெல் குழியை விட மோசமான எதிரி ஒன்று இருக்கிறது. உப்பு! பனி உருகுவதற்காக 1997-98 குளிர்காலத்தில் மட்டும் கனேடிய றோட்டுகளில் கொட்டியது ஏறக்குறைய 4.75 மில்லியன் தொன் உப்பு என்று அரசாங்கத்தின் ஆய்வே சொன்னது. உப்புத் தண்ணி தகடுகளுக்கு நடுவில் புகுந்து கறள் பிடிக்கும். கறள் இரும்பை விட அதிக இடம் பிடிப்பது. ஆகவே தகடுகளை விலத்தி வீங்கும். பிறகு ஷக்கிளைத் தின்னும், ஷக்கிள் தொங்குகிற கொளுக்கியைத் தின்னும், கடைசியில் சேசிசையே தின்னும். தகடு முறியாமலேயே வாகனத்தின் பின்பக்கம் ஒரு நாள் "டொம்" என்று இருந்துவிடும். கழற்றுவதும் லேசில்லை. போல்ட்டும் கண்ணுக்குள் இருக்கிற புஷ்ஷின் இரும்பும் கறளில் ஒன்றாகிப் போயிருக்கும். காஸ் சூடு காட்டி, எண்ணெய் விட்டு, அடித்து, கடைசியில் வெட்டித்தான் எடுப்போம். ரிவெற் அடித்த கொளுக்கியை கிரைண்டரால் அறுத்துவிட்டுப் புதிதை போல்ட்டால் இறுக்குவோம்.

ஹைலக்ஸின் அமெரிக்கச் சகோதரன் டகோமாவையும் உப்பு விடவில்லை. 2008இல் ரொயோட்டா, 1995 முதல் 2000 வரையான டகோமாக்களின் சேசிசுக்கு கறளுக்கு எதிரான உத்தரவாதத்தை 15 வருடங்களாக நீட்டியது. மிக மோசமானவற்றைச் சந்தை விலையின் ஒன்றரை மடங்கு கொடுத்துத் திரும்ப வாங்கியது. 2014இல் 2005 முதல் 2011 வரையான டகோமாக்களில், அமெரிக்காவில் மட்டும் சுமார் 690,000 வாகனங்களைத் திருப்பி அழைத்தது. காரணம் வில்லுத்தகடு! அழுத்தத்தாலும் கறளாலும் தகடு முறிந்து எரிபொருள் தாங்கியைக் குத்தக்கூடும் என்றார்கள். 2016இல் சேசிஸ் கறள் வழக்கில், சுமார் 1.5 மில்லியன் வாகனங்களுக்கு 3.4 பில்லியன் டொலர் வரை செலவாகக்கூடிய இணக்கத்துக்கு வந்தது. தகடு முறிந்தால் எங்கள் ஊரில் கொல்லனிடம் போனார்கள். இங்கே வக்கீலிடம் போகிறார்கள். நக்கலாகச் சொல்லவில்லை, அந்த உரிமை இருப்பது நல்லதுதான். கொல்லனுக்குத் தெரியாமல் யாரும் சாகக்கூடாது.

ஆனால் அந்த வேலை தெரிந்தவர்களுக்கு இங்கே என்ன நடந்தது? ஒன்ராறியோவில் வாகனம் திருத்துவது சான்றிதழ் கட்டாயமான தொழில். 310எஸ் என்பது அதன் இலக்கம். ஊரில் பதினைந்து, இருபது வருடம் லொறிக்குக் கீழே கிடந்தவர்கள் அகதியாக வந்து, கராச்சில் நிலம் கூட்டினார்கள், எண்ணெய் மாற்றினார்கள். அனுபவத்துக்கு அத்தாட்சிக் கடிதம் கேட்டார் ஒரு அதிகாரி. கொல்லன் பட்டறைக்கு ஏது கடிதத் தலைப்பு? பலருடைய கராச் எரிந்துபோனது, முதலாளி எங்கே என்று தெரியாது. எனக்குத் தெரிந்த ஒருவர் டீசல் என்ஜினின் சத்தத்தைக் கேட்டே பழுது சொல்லுவார். ஆங்கிலப் பரீட்சைக்குப் பயந்து கடைசிவரை உதவியாளராகவே இருந்து ஓய்வு பெற்றார். அவர் திருத்தியதற்குக் கையெழுத்துப் போட்ட பையனுக்கு அவருடைய மகனின் வயது. நான் இளமையாக வந்ததால் இரவில் படித்துச் சான்றிதழ் எடுத்துவிட்டேன். அந்த அளவுக்குத்தான் எனது அதிர்ஷ்டம்.

தகட்டின் காலமும் குறைந்து வருகிறது. 2022இல் டன்ட்ரா பிக்கப்பின் பின்பக்கத் தகடு போய்ச் சுருள் வில்லு வந்தது. 2024 டகோமாவிலும் அப்படியே, ஆனால் விலை குறைந்த ரகங்களில் மட்டும் இன்னும் தகடு இருக்கிறது. எங்கள் கராச்சுக்கு வருகிற, புல் வெட்டும் தொழில் செய்கிற தமிழர் ஒருவர் அந்த மலிவு ரகத்தைத்தான் தேடி வாங்கினார். "பாரம் ஏத்தலாம் அண்ணை, முறிஞ்சாலும் விலை குறைவு" என்பது அவருடைய கணக்கு. குளிர்காலம் தொடங்குவதற்கு முன் வாகனத்தைக் கொண்டுவரச் சொன்னேன். சேசிசுக்கும் தகட்டின் இடுக்குகளுக்கும் எண்ணெய் அடித்துவிட்டேன். வருடா வருடம் அடிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.